பென்ஷன் இருவருக்கும்தான்

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது மனைவியோடு எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். மனைவிக்கு அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. 1950 விதிகளின்படி, கணவருக்குப் பின் சில ஆண்டுகளுக்கு மட்டுமே குடும்ப பென்ஷன். 1964 ஜனவரி 1 முதல்தான் ஆயுள் முழுவதும் என்று ஆனது. அதற்காக ஊழியர் கிராஜுவிட்டியில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார். 1977 செப்டம்பரில் அந்தப் பிடித்தம் நின்றது.

பழைய பென்ஷன்காரர்களான நமக்கு முழு பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். குடும்ப பென்ஷன் சாதாரணமாக 30. அதாவது 10,000 ரூபாய் வந்த இடத்தில் 6,000. வாடகையும் கரண்ட் பில்லும் அப்படிக் குறையுமா?

அதனால் நாங்கள் இரண்டு பட்ஜெட் போட்டிருக்கிறோம்: இருவருக்கு ஒன்று, தனியாக இருப்பவருக்கு ஒன்று. பி.பி.ஓ. எங்கே என்பது என் மனைவிக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.