கம்பியில்லாச் சுத்தியல் துரப்பணம்

கம்பியில்லாச் சுத்தியல் துரப்பணம் என்பது மின்கலத்தால் இயங்கி, சுழன்றுகொண்டே முன்னோக்கித் தட்டித் துளையிடும் கைக்கருவி ஆகும். பற்களுடைய இரு தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி இறங்குவதால் இத்தட்டல் உண்டாகிறது. 1971 இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவைத் துளைத்த கருவியும் மின்கலத்தால் சுழன்று தட்டும் வகையே.

தென்காசி, குற்றாலம் பகுதி வீடுகளின் செங்கல் சுவர்களுக்குச் சிறிய 12 வோல்ட்டுக் கருவி பெரும்பாலும் போதும். பட்டறைக்கு 18 வோல்ட்டு ஏற்றது. ஆனால் எடை கூடும். மின்விசிறிக் கொக்கிக்காகக் கான்கிரீட் கூரையைத் துளைக்கையில் இரண்டுமே திணறும். கருங்கல்லிலும் அப்படியே. அங்கு காற்றழுத்த உந்துதண்டால் அடிக்கும் சுழல்சுத்தியலே வேண்டும்.

சாரல் காலத்தில் ஈரத்தரையில் மின்வடம் கிடக்காதது நன்மையே. எனினும் சுவருக்குள் செல்லும் மின்கம்பியில் அலகு பட்டால் மின்னதிர்ச்சி ஏற்படலாம். மின்கலக் கருவி என்பதால் இந்த ஆபத்து நீங்குவதில்லை. சுவிட்சுப் பலகைக்கு மேலும் கீழும் துளையிடுமுன் முதன்மை மின்னிணைப்பை அணைக்க வேண்டும்.