சுரங்கம் மூடிய ஊரில் கல்லூரி என்ன கற்பிக்க வேண்டும்? தங்கவயல் தரும் பாடம்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் சிறிய ரயில்பாதையில் கோரமண்டல் ஒரு நிலையம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கச் சுரங்கங்களுக்காக அமைக்கப்பட்ட பாதை இது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய சுரங்கக் குடியிருப்புகள் இதன் ஓரமாகவே உள்ளன. இன்று இதே பாதையில் விடியற்காலையில் மக்கள் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் சென்று இரவில் திரும்புகின்றனர். ஒரு காலத்தில் வேலையைத் தேடி ஊருக்குள் வந்த ரயில், இப்போது வேலையைத் தேடி ஊரைவிட்டு வெளியே செல்கிறது. உயர்கல்வியின் மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் கருத்தில் கொள்ளவேண்டிய வரலாறு இந்தத் திசைமாற்றத்தில் அடங்கியுள்ளது.

தங்கவயலில் கல்வி கல்லூரியோடு தொடங்கவில்லை. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் வாசகர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினர் இங்கிருந்த தொழிலாளர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்தே வெளியிட்டது. 1914இல் அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சில ஆண்டுகளில், 1930இல், தொழிலாளர்களின் விரல்ரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்துச் சுரங்கங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகம் ரேகையாக மட்டும் அறிய விரும்பிய மனிதர்கள் அதே காலத்தில் இதழ் நடத்தியும், சமயத்தையும் வரலாற்றையும் விவாதித்தும் வந்தனர். எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்கு இதை வகுத்துத் தரவில்லை.

இரண்டாவது கட்டம் நிலத்துக்கு அடியில் நிகழ்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. அந்த ஆழத்தில் மேலுள்ள பாறையே அண்டக்கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எனவே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965இல் பதிவுசெய்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் இதே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் இங்கே நடந்தது. உலக இயற்பியல் வரலாற்றில் தங்கவயலின் பெயர் பதிவானது இவ்வாறுதான். ஆனால் தங்கவயலில் பல்கலைக்கழகம் ஏதும் இருந்ததில்லை. அறிவு அங்கே உருவாயிற்று. பட்டங்களும் துறைகளும் வேறு நகரங்களில் வளர்ந்தன.

மூன்றாவது கட்டம் தொழிற்கல்வி. உரிகத்தில் சுரங்கவியல் பட்டயப் படிப்பு நெடுங்காலமாக நடந்துவந்தது. 1986இல் அங்கேயே கோல்டன் வேலி தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று அது டாக்டர் டி. திம்மையாவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் உருவானது. ஆழ்சுரங்கத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைப் பலிகொண்ட நீண்ட அனுபவமே அந்த ஆய்வுக்கு அடிப்படை. ஆனால் இந்த நிறுவனங்கள் வேரூன்றிய காலம், தங்கம் வற்றிக்கொண்டிருந்த காலம். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த சுரங்கம், 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. கல்லூரி பிறந்து 15 ஆண்டுகளுக்குள் அதன் ஊரின் ஆதாரத் தொழில் இல்லாமற்போயிற்று.

இதனால் சுரங்கவியலைக் கற்பித்தது தவறு என்றாகாது. பாறையின் அழுத்தத்தைக் கணக்கிடக் கற்றவர் நிலக்கரிச் சுரங்கத்திலும் மலைக்குடைவுப் பாதையிலும் பணியாற்ற முடியும். ஒரு நிறுவனத்தின் பணிமுறைக்காக மட்டும் பயின்றவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. பாடத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை இன்றைய 'வேலைவாய்ப்புத் திறன்' விவாதம் மறந்துவிடுகிறது. மென்பொருள் நிறுவனங்களின் இவ்வாண்டுத் தேவையை அப்படியே பாடமாக்குவதும், சுரங்கம் என்றும் இருக்கும் என்று நம்பியதும் ஒரே வகைப் பிழை.

கட்டமைப்பு மாற்றங்களும் ஓயவில்லை. தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் பட்டப்படிப்பை 2021-22இல் நாட்டிலேயே முதலாவதாகக் கர்நாடகம் நடைமுறைப்படுத்தியது. 2024-25இல் மாநில அரசு மீண்டும் மூன்றாண்டுப் படிப்புக்குத் திரும்பியது. ஒரே கல்லூரியில் முதலாண்டு மாணவருக்கு ஒரு திட்டம், மேல்வகுப்பினருக்கு வேறொரு திட்டம். தாள்களின் பெயரும் மதிப்புப்புள்ளிகளின் எண்ணிக்கையும் மாறின. வகுப்பறையில் குறிப்பெடுக்கச் சொல்லும் முறை மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் அரசுக் கல்லூரிகளில், புதிய பாடத்திட்டத்தைச் சிந்தித்து ஏற்பதற்கான நேரம் ஆசிரியர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

மொழியும் இங்கே தனித்துவமானது. தங்கவயல் மாணவர் பலர் வீட்டில் தமிழும், அரசு அலுவலகத்தில் கன்னடமும், சந்தையில் தெலுங்கும், பாடநூலில் ஆங்கிலமும் எதிர்கொள்கின்றனர். கல்லூரி இதை ஒரு குறையாகவே கருதிவந்துள்ளது. ஆங்கிலத்தில் படித்த கருத்தைத் தமிழில் விவாதித்துக் கன்னடத்தில் விண்ணப்பமாக எழுதக்கூடிய மாணவர், மொழியியல் நோக்கில் குறைபாடு உடையவர் அல்லர். அந்த ஆற்றலைச் சோதிக்கும் தேர்வுமுறைதான் இல்லை.

மாற்றத்துக்கு ஏற்பக் கற்பிப்பது என்பதன் பொருளை ஊரின் நடுவே நிற்கும் 'சயனைட் மலை'களைக் கொண்டு விளக்கலாம். தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவுக் குவியல்கள் இவை. 1,003 ஏக்கர் பரப்பிலுள்ள 13 குவியல்களில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. வேதியியல் மாணவர் அந்த மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கலாம். பொருளியல் மாணவர் தங்கத்தின் விலைக்கும் பிரித்தெடுக்கும் செலவுக்கும் கணக்கிடலாம். வரலாற்று மாணவர் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யலாம். மொழி மாணவர் அதைத் தமிழிலிருந்து கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்க்கலாம். மூன்றாண்டுத் திட்டமோ நான்காண்டுத் திட்டமோ, இத்தகைய செயல்திட்டத்துக்கு இடமுண்டு.

இதனால் பெங்களூரில் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பர். உடனடியாகக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது; அந்தக் கேள்வியைச் சிறுமைப்படுத்தவும் கூடாது. ஆனால் தரவைத் திரட்டி, ஐயுற்று, பிறருக்குப் புரியும்படி எழுதக் கற்றவர், ஒரு தொழில் மறையும்போது மற்றொன்றுக்கு மாறுவதற்கான அடித்தளத்தைப் பெற்றிருப்பார். சுரங்கம் மூடியதைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகளுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

அதிகாலை ரயிலைப் பிடிக்கும் மாணவரைக் கல்லூரி இதுவரை வருகைப்பதிவேட்டின் சிக்கலாகவே பார்த்துள்ளது. அவர் ஏன் அந்த ரயிலில் செல்ல நேர்ந்தது என்பதை ஆராயும் பாடம் எந்தத் துறையில் தொடங்கப்பட வேண்டும்?