நயோபியம் எங்கே அமர்ந்தது? ஓ-நிலைமையின் வரலாறு

ஜெட் எஞ்சினின் வெப்பப் பகுதியை நெடுங்காலமாக ஆண்டு வருபவை நிக்கல் சூப்பரலாய்கள். அவை வெப்பத்தைத் தாங்குபவை, ஆனால் கனமானவை. டைட்டேனியத்தின் அடர்த்தி ஏறத்தாழ அதில் பாதியே எனினும், வழக்கமான டைட்டேனியம் கலப்புலோகங்கள் சுமார் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் தளர்ந்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில் 1970களில் அமெரிக்க விமானப்படையின் ஆதரவுடன் டைட்டேனியம் அலுமினைடுகள் தீவிரமாக ஆராயப்பட்டன.

இவை உலோகங்களுக்கு இடையே உருவாகும் சேர்மங்கள். இவற்றில் ஒவ்வோர் அணுவுக்கும் உரிய இடம் உண்டு. அந்த ஒழுங்கே உயர் வெப்பத்தில் வலிமை தருகிறது. அறை வெப்பநிலையில் எளிதில் உடையச் செய்வதும் அதுவே. மூன்று டைட்டேனியம் அணுக்களுக்கு ஓர் அலுமினியம் அணு கொண்ட சேர்மத்தில் நயோபியம் சேர்த்தபோது நொறுங்கும் இயல்பு ஓரளவு குறைந்தது.

சேர்க்கப்பட்ட நயோபியம் படிகத்தில் எங்கே அமர்கிறது என்பதற்கு ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலிருந்து விடை வந்தது. 1988இல் தீபாங்கர் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் புதியதொரு படிக நிலைமையை அறிவித்தனர். அதில் நயோபியம் டைட்டேனியத்தின் இடங்களில் தாறுமாறாகப் பரவாமல், தனக்கென ஓர் ஒழுங்கான இடத்தைக் கொள்கிறது. அதனால் அறுகோணச் சமச்சீர் குலைந்து, ஆர்த்தோராம்பிக் அமைப்பு உருவாகிறது. ‘ஓ-நிலைமை’ என்னும் பெயர் அதன் முதலெழுத்திலிருந்து வந்தது.

இதன் பயன் கூட்டுப்பொருள் ஆய்விலும் தெரிந்தது. சிலிக்கான் கார்பைடு இழை வெப்பத்தில் சிறிதளவே விரியும். அதைச் சூழ்ந்த அலுமினைடு மிகுதியாக விரியும். குளிரும்போது எழும் தகைவில் பழைய அலுமினைடு இழையைச் சுற்றி விரிசலுற்றது. 1990களில் ஓ-நிலைமைக் கலப்புலோகங்கள் அதற்கு மாற்றாக ஆராயப்பட்டன. அவை சற்றே நெகிழ்ந்து கொடுத்தன. எனினும் இழையின் விலையும், இழைக்குக் குறுக்கான திசையில் வலிமைக் குறைவும் தடைகளாயின.

பயணிகள் விமான எஞ்சினுக்குள் முதலில் பரவலாக நுழைந்தது இழையற்ற வேறோர் அலுமினைடே. காமா வகையைச் சேர்ந்த அது, 2011இல் சேவைக்கு வந்த ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினின் தாழழுத்த டர்பைன் அலகுகளாயிற்று.

பறந்தவற்றை மட்டும் எண்ணும் வரலாற்றில் ஹைதராபாத் ஆய்வுக்கு இடமிராது. ஆனால் நயோபியம் ‘என்ன செய்கிறது’ என்பதோடு நில்லாமல் ‘எங்கே இருக்கிறது’ என்பதற்கும் விடை கண்டதனால்தான் புதியதொரு கலப்புலோகக் குடும்பமே பிறந்தது. பொருளறிவியலின் வரலாறு எஞ்சினில் மட்டுமன்று, அத்தகைய கேள்விகளிலும் எழுதப்படுகிறது.