சமூகவியலும் கிறித்தவக் கல்லூரிகளும்: அமெரிக்காவில் சேவை தொழிலான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் சமூகவியல் பாடமாக வேரூன்றியபோது, அதைக் கற்பித்தவர்களில் பலர் திருச்சபைப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கிய ஆல்பியன் ஸ்மால் இறையியல் பயின்றவர். அவருடன் பணியாற்றிய சார்ல்ஸ் ஹெண்டர்சன் பாப்டிஸ்ட் போதகர். அதே ஆண்டு சிகாகோ இறையியல் கல்லூரியில் கிரகாம் டெய்லர் கிறித்தவச் சமூகவியலுக்கான பேராசிரியரானார். அன்றுமுதல் கிறித்தவக் கல்லூரிகளில் சமூகவியல் படித்தவர்கள் ஏழைகள் நலம், குழந்தைகள் பாதுகாப்பு, சிறை மீண்டோர் மறுவாழ்வு, குடியேறியோர் நலம் போன்ற துறைகளுக்குச் சென்றுவருகிறார்கள். இறைப்பற்றின் இயல்பான விளைவு இது என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனால் இரக்கமும் தானமும் சமூகவியலைவிட மிகப் பழையவை. அவற்றால் மட்டும் ஒரு தொழில் உருவாகிவிடவில்லை. வறுமையை எண்ணிக் கணக்கிடும் ஆய்வும், ஏழைகள் வாழும் தெருவிலேயே பெறும் களப்பயிற்சியும் வகுப்பறையோடு இணைந்த இடங்களில்தான் சேவை ஒரு தொழிலாயிற்று.

இந்த இணைப்பு முதலில் தெளிவாகத் தெரிந்த நகரம் சிகாகோ. ராக்ஃபோர்டு பெண்கள் செமினரியில் பயின்ற ஜேன் ஆடம்ஸ், 1889இல் எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து குடியேறியோர் பகுதியில் ஹல் ஹவுஸைத் திறந்தார். படித்தவர்கள் ஏழைகளின் அண்டை வீட்டாராகக் குடியிருந்து பணியாற்றிய இல்லம் அது. அங்கு வாழ்ந்தவர்கள் 1895இல் தங்கள் பகுதி மக்களின் கூலியையும் பூர்விக நாடுகளையும் வீடுவீடாகக் குறித்த வரைபடங்களை வெளியிட்டார்கள். டெய்லர் 1894இல் சிகாகோ காமன்ஸ் என்னும் இல்லத்தை நிறுவித் தன் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். இறையியல் மாணவர்களுக்கு அது களமாயிற்று. அவர் தொடங்கிய பயிற்சி வகுப்புகள் 1908இல் தனிப் பள்ளியாக வளர்ந்து, 1920இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூக சேவைப் பள்ளியாயின. கத்தோலிக்கரும் இவ்வழியில் வந்தார்கள். இயேசு சபைக் குருவான ஃபிரெடெரிக் சீடன்பர்க் 1914இல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் நிறுவிய பள்ளி, சமூகவியல் பள்ளி என்ற பெயரிலேயே நலப்பணியாளர்களைப் பயிற்றுவித்தது.

இதைவிட வலுவான சான்று டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அடிமைமுறை ஒழிந்த மறு ஆண்டே, 1866இல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக அமெரிக்க மிஷனரி சங்கம் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பட்டம் பெற்ற ஜார்ஜ் எட்மண்ட் ஹேய்ன்ஸ் 1910இல் அங்கேயே சமூக அறிவியல் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே ரூத் ஸ்டாண்டிஷ் பால்ட்வினோடு சேர்ந்து, பின்னாளில் தேசிய நகர்ப்புற லீக் எனப் பெயர் பெற்ற அமைப்பை நியூயார்க்கில் தொடங்கினார். நியூயார்க்கில் கறுப்பினத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1912இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றார்; அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த மக்களுக்கு வேலையும் வீடும் கிடைக்காத நிலைக்கு அவர் தேடிய விடை, அம்மக்களிடமிருந்தே பயிற்சி பெற்ற பணியாளர்களை உருவாக்குவது. ஃபிஸ்க் மாணவர்கள் வகுப்பில் சமூகச் சிக்கல்களைப் பயின்று நகரில் களப்பணி செய்தார்கள். தகுதியுள்ள பட்டதாரிகள் சமூகப்பணிப் பள்ளிகளில் மேற்படிப்புப் படிக்க லீக் உதவித்தொகை அளித்தது. கல்லூரி, ஆய்வு, வேலை தரும் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் இணைந்ததால் மாணவர்களின் நல்லெண்ணம் பிழைப்புக்கு உரிய வேலையாகவும் ஆயிற்று.

ஆய்வும் களப்பயிற்சியும் வகுப்பறையோடு இணையும்போதே சேவை தொழிலாகிறது என்ற இக்கருத்துக்கு முக்கியமான மறுப்புகள் மூன்று. முதலாவது, சேவை நோக்கம் அறிவியலைக் கெடுக்கும் என்பது. 1920களில் சிகாகோ சமூகவியலை வழிநடத்திய ராபர்ட் பார்க் இப்படிக் கருதியவர். சீர்திருத்த ஆர்வலர்கள்மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. நல்லது செய்ய விரும்புபவர் விரும்பியதையே காணக்கூடும் என்ற எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஹேய்ன்ஸின் ஆய்வு பயன் கருதியதாக இருந்தும் கணக்கில் தளரவில்லை. தவறான கணிப்பின் விலையை எளிய மக்கள் கொடுக்க நேரும் என்று உணர்ந்தவருக்குத் துல்லியமே கடமையாகிறது. இரண்டாவது மறுப்பு மதமாற்றம் பற்றியது. பல மிஷன் நிறுவனங்கள் உதவியையும் நற்செய்திப் பரப்பலையும் பிரிக்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. இக்கலப்பைத் தளர்த்தியதும் தொழிற்பயிற்சியே. உதவி பெறுபவரின் தேவையைக் கேட்டுப் பதிவுசெய்து அளவிடக் கற்ற பணியாளர், அவருடைய வழிபாட்டை அளவுகோலாக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. சேவைத் தொழில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறதே தவிர, அநீதியின் காரணத்தைத் தொடுவதில்லை என்கிறது அது. இதற்கு அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி விடை தருகிறது. பாப்டிஸ்டுகள் வளர்த்த அக்கல்லூரியில், பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1948இல் சமூகவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். இறையியல் பயிலச் சென்றது அதன் பின்னரே. அவருக்குச் சமூகவியல் கற்பித்த வால்டர் சிவர்ஸ், இனவெறிக்குப் பின்னால் இருந்த பொருளாதார நலன்களை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டியவர். தனிமனிதரின் துன்பத்தை அமைப்பின் விளைவாகக் காணும் பழக்கத்தைத் தருவது இந்தப் பாடமே. அப்பார்வையோடு செய்யும் சேவை, உரிமைக் கோரிக்கையை நோக்கியும் செல்லக்கூடும்.

இந்தியாவுக்கும் இவ்வழி நீண்டது. சிகாகோவில் பயின்ற காங்கிரிகேஷனல் மிஷனரி கிளிஃபோர்டு மான்ஷார்ட், 1920களில் பம்பாயின் நாக்பாடாவில் அண்டை மக்களுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். அந்த அனுபவத்தின்மேல் 1936இல் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. மான்ஷார்ட்டை அடுத்து அதன் இயக்குநரானவர் தமிழரான ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவை சமூகப்பணியைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றன. களப்பணி அப்படிப்பின் கட்டாயப் பகுதி.

அமெரிக்காவில் 1970களில் சமூகப்பணிக்குத் தனி இளங்கலைப் பட்டம் முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. எனவே சமூகவியல் பட்டம் மட்டும் உரிமம் பெற்ற பணியாளராவதற்குப் பெரும்பாலும் போதாது, மேற்படிப்பு வேண்டும். ஆனாலும் ஊர்ப்புற வளர்ச்சி, பொதுச் சுகாதாரம், அகதிகள் நலம் போன்ற வேலைகளுக்கு அது உரிய அடித்தளமே. கல்லூரி சமயத்தால் தரக்கூடியது பிறர் துன்பத்தில் அக்கறை. சமூகவியலால் தரக்கூடியது அத்துன்பத்தின் காரணத்தை அறியும் முறை. இரண்டையும் களத்தில் சேர்த்துப் பயிற்றாத கல்லூரி, தன் முகப்பில் எழுதிவைத்த சேவை நோக்கத்தை மாணவரின் தனி நற்குணத்துக்கே விட்டுவிடுகிறது. ஃபிஸ்க் கல்லூரி 1910களிலேயே அவற்றைச் சேர்த்துக் காட்டியிருப்பதால், முடியாது என்று சொல்ல மற்றக் கல்லூரிகளுக்கு இடமில்லை.