தமிழ்த் திரையில் தாயின் சொல்

தமிழ்த் திரைப்படங்களில் பெண்ணின் வலிமை, குறிப்பாகத் தாயின் வலிமை, அவளது சொல்லில் வெளிப்பட்ட முறையை மூன்று படங்களின் வழி நோக்குவோம்.

கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 1939இல் இயக்கிய 'தியாகபூமி'யில், கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி ஒரு பெண்குழந்தைக்குத் தாய். மீண்டும் சேர்ந்து வாழ வேண்டுமெனக் கணவன் தொடுத்த வழக்கில், நீதிமன்றத்தில் நின்று அவள் மறுக்கிறாள்; அவனுக்கு ஜீவனாம்சம் தரவும் முன்வருகிறாள். எஸ். டி. சுப்புலட்சுமி ஏற்ற அப்பாத்திரம் தனக்காகவே வழக்காடியது.

1942இல் 'கண்ணகி'யாக நடித்த பி. கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. எனினும், இளங்கோவனின் செந்தமிழ் உரையாடல் அவர் குரலில் முழங்கியது. 1954இல் வெளிவந்த 'மனோகரா'வில் அவரே அரசி பத்மாவதி. விலங்கிடப்பட்ட மகனின் சினம் அன்னையின் ஆணைக்குக் காத்திருக்கிறது. அவள் ஏவியதும் சங்கிலி அறுகிறது.

ஆயினும், கண்ணகி நீதி கேட்டது கணவனுக்காக. பத்மாவதியின் ஆணை நிறைவேறியது மகனின் கையால். மொழி ஓங்கியிருக்கிறது, தனக்காகப் பேசும் உரிமையோ 1939இன் சாவித்திரியிடமே மிகுதியாக உள்ளது. ஆகவே, பாகான் டாலாம் வகுப்பறைகளில் இத்தகைய உரையாடல்களை நாவன்மைக்குச் சான்றாகக் காட்டும்போது, அப்பெண் யாருக்காகப் பேசுகிறாள் என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.