செவிக்குள் பாதி, வெளியே பாதி



செவிக் கருவிகளின் சரித்திரத்தைச் சொல்லுவோர், அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயரோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். அக்கருவியைத் தாங்கிய மனிதர் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு கேட்கிறார்? இந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சாதாரணச் செவிக் கருவி ஒலியைப் பெருக்கிக் காதின் துவாரத்தில் செலுத்துகிறது. அடிக்கடி சீழ் வடியும் காதுக்கு அது ஒவ்வாது. ஆகவே கருவியின் ஒரு பாதியை நடுச்செவியிலேயே வைத்துவிட ஜப்பானிய மருத்துவர்கள் முயன்றனர். சுசுகி, யனகிஹரா என்னும் இருவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, 1984-இல் அத்தகைய கருவி மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஒலிவாங்கியும் மின்கலமும் காதின் பின்புறம் வெளியே இருக்கும். அங்கிருந்து செய்தி கம்பியின்றியே தோலைக் கடந்து உள்ளே செல்லும். உள்ளே பீங்கான் போன்ற பொருளால் ஆகிய சிறு தகடு அதிர்ந்து, அங்கவடி எலும்பை அசைக்கும்.

பலருக்கு ஒலி இயல்பாகவும் தெளிவாகவும் கேட்டது. ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலரிடம் அத்தகட்டின் அதிர்வு தளர்ந்தது. காலம் நடத்திய முதல் பரீட்சை இது எனலாம்.

இரண்டாவது பரீட்சை வேறு வகையானது. சிறு வயதிலேயே செவிப்புலன் குன்றிய அமெரிக்கப் பொறியாளர் ஜெஃப்ரி பால், சிறு காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட வேறொரு கருவியை அமைத்தார். 1996-இல் ஸூரிச் நகரில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. நெடுநாள் தொடர்ந்து கவனித்ததில் பெரும்பாலோரின் கேட்கும் பயன் நிலைத்திருந்தது. சிலருக்கோ மறு சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் 2002-இல் அதனைச் செய்த சிம்ஃபோனிக்ஸ் நிறுவனமே மூடப்பட்டது. கருவியைத் தலையில் தாங்கியவர்களின் கவலையை எண்ணிப் பாருங்கள்! நல்லவேளையாக, 2003-இல் ஆஸ்திரியாவின் மெட்-எல் நிறுவனம் அப்பணியை ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். காக்ளியர் கருவியும் இவ்வாறே பாதி உள்ளும் பாதி வெளியுமாக அமைந்தது. அது நேரே செவி நரம்பைத் தூண்டுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது. சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஒலியைச் சொல்லாக உணரப் பயிற்சி வேண்டும். உள்ளிருக்கும் பகுதி பல்லாண்டு உழைக்கும். வெளிப்பகுதியோ வியர்வையிலும் தூசியிலும் பழுதுபடும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூரில் அத்தகைய குழந்தை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு சிறு வடம் அறுந்தாலும், அதை மாற்றும் வரையில் அக்குழந்தைக்குத் தாயின் குரல் கேளாது. வகுப்பில் ஆசிரியர் சொல்லும் பாடமும் எட்டாது. பேச்சைக் கற்கும் பருவத்தில் இழந்த வாரங்கள் எளிதில் திரும்புவன அல்ல.

எனவே, இத்துறையின் வெற்றியை அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது என்பது என் கருத்து. இருபதாம் ஆண்டிலும் கருவி பேசுகிறதா, பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். உங்களுள் நாளைய மருத்துவரும் பொறியாளரும் உண்டு. புதியதைப் படைக்கும்போதே, அதனை நெடுங்காலம் பேணும் வழியையும் அவர்கள் சிந்திப்பார்களாக.