லண்டன் பப்புகளும் ஒரு கண்ணாடித் தடுப்பும்

லண்டன் வந்து இறங்கின நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, பொன்னி அரிசி எங்க கிடைக்கும்? ரெண்டாவது, நல்ல பப் எங்க இருக்கு? முதல் கேள்விக்கு ஈஸ்ட் ஹாம், டூட்டிங்னு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ரெண்டாவதுக்குத்தான் நான் ஒன்றரை வருஷமா நடந்துக்கிட்டு இருக்கேன். படிப்பா? அதுவும் ஒரு பக்கம் போயிட்டு இருக்குங்க. அம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

இந்தத் தேடல்ல நமக்கெல்லாம் முன்னோடி ஜார்ஜ் ஆர்வெல். 'விலங்குப் பண்ணை' எழுதின அதே மனுஷன். 1946 பிப்ரவரியில ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில தனக்குப் பிடிச்ச பப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். பேரு 'தி மூன் அண்டர் வாட்டர்'. அது எப்படிப்பட்ட இடம்னு நாக்குல எச்சில் ஊற வர்ணிச்சிட்டு, கடைசியில அப்படி ஒரு பப்பே கிடையாது, எல்லாம் என் கற்பனைன்னு கைவிரிச்சிடுவார். பின்னாடி ஒரு பெரிய பப் கம்பெனி அந்தப் பேரையே தன்னோட பல கடைகளுக்கு வெச்சுக்கிச்சு. அங்கெல்லாம் போய்ப் பார்த்தாச்சு. விலை குறைவு, அதுக்கு மேல எதுவும் சொல்றதுக்கில்லை.

அந்தக் கட்டுரையை ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் ஒண்ணு கண்ணுல பட்டுது. ஆர்வெலோட கனவு பப்புலயும் சுவர் இருக்கு! பப்ளிக் பார் தனி, சலூன் பார் தனி, பெண்களுக்குத் தனி, நாலு பேர் பார்க்க பீர் வாங்கக் கூச்சப்படறவங்களுக்குன்னு பாட்டில்ல, ஜாடியில ஊத்திக் கொடுக்க ஒரு தனி வாசல். சமத்துவம்னு வாழ்நாள் முழுக்க எழுதினவருக்கு இதுல எந்த உறுத்தலும் இல்லை. அந்தக் காலத்துல பப்னாலே அப்படித்தான் இருக்கும். இட்லின்னா சட்னி மாதிரி.

அந்தச் சுவரை நேர்ல பார்க்கணும்னா ஹை ஹோபர்ன்ல இருக்கிற பிரின்சஸ் லூயிஸ் பப்புக்குப் போங்க (எழுத்துல ஹோல்பர்ன், வாயில அந்த 'ல்' வராது, டிக்கெட் கவுன்டர்ல அசிங்கப்பட்டுக் கத்துக்கிட்டேன்). 1872-ல கட்டினது, உள் அலங்காரம் 1891-ல செஞ்சது. நடுவுல குதிரைலாடம் மாதிரி கவுன்டர். அதைச் சுத்தி மரமும் பூ வெட்டின கண்ணாடியும் வெச்சுத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். நாலு பேர் நின்னா நிரம்பிடும். பாட்டு, டிவி எதுவும் கிடையாது. ஆண்கள் கழிப்பறைகூட பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். சிரிக்காதீங்க, நெஜமாவே ராஜா வீட்டுப் பளிங்கு மாதிரி இருக்கும்.

1890-கள்ல லண்டன்ல பப் கட்டுறது ஒரு பைத்தியம் மாதிரி பரவுச்சு. பணம் போட்டவங்களுக்கு எல்லா வகை ஆளும் உள்ள வரணும், ஆனா ஒருத்தர் இன்னொருத்தர் மூஞ்சியைப் பார்க்கக்கூடாது. அதுக்குத்தான் இத்தனை தடுப்பு. மூட்டை தூக்கறவர் பப்ளிக் பார்ல: மரப்பெஞ்சு, தரையில மரத்தூள். குமாஸ்தாவும் கடை முதலாளியும் சலூன்ல: கம்பளம், மெத்தை நாற்காலி, அதே பீருக்கு ஒரு பென்னியாவது கூடுதல் விலை.

இதோட உச்சம் பார்க்கணும்னா ப்ளூம்ஸ்பரியில லாம்ஸ் காண்டுயிட் தெருவுல இருக்கிற தி லாம். (தெருப் பேர்ல இருக்கறது ஆட்டுக்குட்டி இல்லைங்க, 1577-ல அங்க தண்ணிக் கால்வாயைச் சீர் பண்ணப் பணம் கொடுத்த வில்லியம் லாம்.) கவுன்டர் மேல, சரியா முகத்துக்கு நேரா, வரிசையா சின்னச் சின்ன மங்கல் கண்ணாடிகள். ஒவ்வொண்ணும் அச்சுல திரும்பும். ஊத்திக் கொடுக்கற ஆளுகூட தன் முகத்தைப் பார்க்கக்கூடாதுன்னு நினைச்ச கனவான்கள் அதை மூடிக்கிட்டு, கீழ இருக்கிற சந்து வழியா கிளாஸை மட்டும் வாங்கிப்பாங்களாம். ஸ்நாப் ஸ்க்ரீன்னு பேரு. பேரு வெச்சவன் வாயில சர்க்கரை போடணும்.

இதை நான் பெருமையா அளந்துக்கிட்டு இருந்தது எங்க வீட்டுக்காரர்கிட்ட. டூட்டிங்ல எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிற யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1964-ல படிக்க வந்தவர். எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவாச் சொன்னார்:

"தம்பி, நாங்கள் சலூன் பக்கம் போறேல்லை. பப்ளிக் பாரிலை ஒண்டும் சொல்லமாட்டினம். மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்தால், 'இண்டைக்கு உள்ளுக்கு விசேஷம், ஆக்களை விடமாட்டம்' எண்டுவினம். ஒவ்வொரு நாளும் விசேஷம்தான். பிள்ளையளுக்கு நான் சொல்லி வச்சிருக்கிறது, அங்கை ஒரு பென்னி மலிவு, அதாலைதான் போனனாங்கள் எண்டு."

எனக்கு அப்புறம் பேச்சே வரலை.

அப்புறம் தேடிப் படிச்சேன். அவர் சொன்னது அவருக்கு மட்டும் நடந்த கதை இல்லை. பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெத்விக்னு ஒரு ஊர். அங்க இந்தியத் தொழிலாளர் சங்கம் இந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிக்கிட்டு இருந்தது. அவங்க அழைப்புல 1965 பிப்ரவரி 12 அன்னிக்கு அந்த ஊருக்கு வந்தவர் யார் தெரியுமா? மால்கம் எக்ஸ். ப்ளூ கேட்ஸ்ங்கற பப்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நல்ல அறையில கொடுக்க மாட்டோம், பப்ளிக் பாருக்குப் போங்கன்னு பதில். ஒன்பது நாள் கழிச்சு நியூயார்க்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க.

கவனிங்க, "வெளிய போ"ன்னு சொல்லலை. "அந்தப் பக்கம் போ"ன்னு சொன்னாங்க. விக்டோரியா காலத்துல மூட்டை தூக்கறவருக்காகக் கட்டின சுவர், எழுபது வருஷம் கழிச்சு நம்மாளுங்களுக்கு ரெடியா இருந்தது. புதுசா ஒரு செங்கல் வைக்க வேண்டிய அவசியமே வரலை.

அந்த வருஷம் நவம்பர்லதான் இன உறவுச் சட்டம் வந்தது. பப், ஹோட்டல், தியேட்டர் மாதிரி பொது இடங்கள்ல நிறத்தை வெச்சு மறுக்கறது சட்டவிரோதம்னு ஆச்சு. ஆனா குற்றம் கிடையாது, ஜெயில் கிடையாது. கூப்பிட்டு வெச்சு சமாதானம் பேசுவாங்க. வாடகை வீடும் வேலையும் 1968 சட்டத்துலதான் சேர்ந்தது. பெண்கள் கதை இன்னும் மோசம். ஃப்ளீட் தெருவுல பத்திரிகைக்காரங்களும் வக்கீல்களும் கூடுற எல் வினோங்கற வைன் பார்ல, பெண்கள் கவுன்டர்ல நின்னு குடிக்க முடியாது. பின்னறை மேசையில உட்கார்ந்தாத்தான் கொடுப்பாங்க. பாலினப் பாகுபாட்டுச் சட்டம் 1975-லயே வந்தாச்சு. ஆனா ரெண்டு பெண்கள் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய், 1982-லதான் ஜெயிச்சாங்க.

இதையெல்லாம் படிச்சப்ப, வெள்ளைக்காரனைத் திட்ட ஆரம்பிச்ச வாய் பாதியில நின்னுடுச்சு. எங்க ஊர் டீக்கடை. எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், உள்ள பெஞ்சு. சேரியில இருந்து வர்றவங்களுக்கு வெளிய கம்புல மாட்டின அலுமினியக் குவளை, குடிச்சிட்டு அவங்களே கழுவி மாட்டணும். தாத்தா காலத்துல மட்டும் இல்லை, அப்பா காலத்துலயும். அதைப்பத்தி எங்க வீட்டுல யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பெரியவர் பிள்ளைங்ககிட்ட மறைச்சதுக்கும் இதுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு: அவர் வெளிய நின்னவர்.

போன நூற்றாண்டு முழுக்க பப் சுவர்கள் ஒவ்வொண்ணா விழுந்தது. லைசென்ஸ் கொடுக்கற நீதிபதிகளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியலையேன்னு கடுப்பு. 1960-70-கள்ல பீர் கம்பெனிகளுக்கு எல்லாத்தையும் இடிச்சு ஒரே ஹாலா மாத்தற ஆசை. நல்லெண்ணத்துல யாரும் இடிச்ச மாதிரி தெரியலை. பிரின்சஸ் லூயிஸ்ல இப்ப இருக்கிற தடுப்புகள்ல நிறைய, 2000-கள்ல பழைய மாதிரியே திரும்பச் செஞ்சு வெச்சது. 1971-ல ஆரம்பிச்ச கேம்ராங்கற பீர் பிரியர்கள் சங்கம் பழைய உள் அமைப்பு கெடாத பப்புகளுக்குன்னே ஒரு பட்டியல் வெச்சிருக்கு. நல்ல பப் தேடற எல்லாரும் கடைசியில அந்தச் சுவரைத்தான் தேடிப் போறோம். எனக்கும் அந்தச் சின்ன அறைதான் பிடிக்குது, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவரை தி லாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். பஸ்ல ஏத்தி இறக்கறதுக்குள்ள ஒரு வழியாயிட்டேன். அரை பைன்ட் பிட்டர் போதும்னார். ரொம்ப நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தவர், கையை நீட்டி ஒண்ணைத் திருப்பினார். அந்தப் பக்கம் கவுன்டர்ல இருந்த பொண்ணு குனிஞ்சு, என்ன வேணும்னு கேட்டுது.

"ஒண்டும் இல்லை பிள்ளை, சும்மா பாத்தனான்"னு தமிழ்லயே சொன்னார். அப்புறம் என்ன நினைச்சாரோ, எனக்கும் சேர்த்து ரெண்டு சொன்னார். காசையும் அவரே கொடுத்தார்.

டிஸ்கி: தி லாமுக்கு ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். சாயங்காலம் அஞ்சரைக்குள்ள போயிடுங்க, ஆபீஸ் கூட்டம் வந்துட்டா கண்ணாடி இருக்கிற பக்கம் இடம் கிடைக்காது.